கல்யாணத்துக்குத் தம்பியைக் கூட்டி வர வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

கேட்டவர்: கோவில்பட்டி அக்கா

என் கணவரின் அண்ணன் மகளுக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். மண்டபம் விருதுநகரில். போன ஞாயிறு அண்ணனும் அக்காவும் பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான் பழக்கம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை எங்களிடம் நீட்டியதும் என் தம்பியும் ஓடிவந்து கையை நீட்டினான். அண்ணன் அவனுக்கும் தனியாக ஒன்று கொடுத்தார். அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான்.

கிளம்புவதற்கு முன்னால் காபி டம்ளரை வைக்கிற மாதிரி அக்கா அடுப்படிக்கு வந்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. முகூர்த்தத்துக்குத் தம்பியை யார்கிட்டயாவது விட்டுட்டு வந்துரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க புதுசு. இந்தக் குடும்பத்துல இப்படி ஒரு பிள்ளையான்னு பேச்சு வரும். உனக்கும் ஒரு பொம்பளைப் பிள்ளை இருக்குல்ல" என்றார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். அதனால்தான் என்னால் அந்த இடத்தில் எதுவும் சொல்ல முடியவில்லை.

தம்பிக்கு 32 வயது. டவுன் சிண்ட்ரோம். அப்பா ரொம்ப முன்பே போய்விட்டார். மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவும் இறந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறான். எங்கள் தெருவில் கடலைமிட்டாய் போடும் ஒரு வீட்டில் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை பாக்கெட் போடுகிறான். அவனுக்குப் பன்னிரண்டு வரைதான் எண்ணத் தெரியும். ஒரு பாக்கெட்டுக்கும் பன்னிரண்டுதான், அவன் கட்டியதில் ஒன்று கூடவோ குறையவோ செய்யாது. சனிக்கிழமை சம்பளத்தைக் கொண்டுவந்து என் மகள் கையில்தான் கொடுப்பான். பேச்சு குழறும். புது ஆளைப் பார்த்தால் கையைப் பிடித்துக் குலுக்கி "சாப்டாச்சா" என்று கேட்பான். இதற்கு மேல் யாரையும் எதுவும் செய்து நான் பார்த்ததில்லை.

வெளியாட்கள் முறைப்பது, ஒதுங்கி உட்காருவது எல்லாம் பழகிவிட்டது. முன்பு முடி வெட்டிக்கொண்டிருந்த கடையில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், மற்றவர்கள் போன பிறகுதான் வரச் சொல்வார்கள். இப்போது போகிற கடைக்காரர் வரிசைப்படி உட்கார வைத்து, கையில் சின்னக் கண்ணாடியைக் கொடுத்துவிடுகிறார். ஆடாமல் அசையாமல் உட்காருகிறான். கழுகுமலைக் கோயிலில் ஒரு அம்மா "தெய்வக் குழந்தை" என்று சொல்லி அவன் உள்ளங்கையில் பத்து ரூபாயை வைத்துவிட்டு நடந்தார். அவர் தவறவிட்டுப் போகிறார் என்று நினைத்து இவன் பின்னாலேயே ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்தான். அந்த அம்மா வாங்கவே மாட்டேன் என்றார், இவன் விடவே மாட்டேன் என்றான். வெளியில் நடப்பதை இப்படி எப்படியோ சமாளித்துவிடுகிறேன். வீட்டு ஆட்களிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2006இல் என் கல்யாணம் நடந்தபோது தம்பிக்குப் பதின்மூன்று வயது. முகூர்த்தத்தன்று அவனைச் சித்தி வீட்டில் ஒரு பாட்டியிடம் விட்டுவிட்டார்கள். முந்தின நாள் ராத்திரி அம்மா என்னிடம் கேட்டார். நானும் சரி என்றேன். எங்கள் ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அவன் இல்லை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஆல்பத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி "நான் எங்க?" என்று கேட்பான். பத்தொன்பது வருஷமாகக் கேட்கிறான். ஒவ்வொரு தடவையும் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

என் மகளுக்குக் காது குத்தும்போதும் தாய்மாமன் மடி வேண்டாம் என்று என் மாமியார் வீட்டில் சொல்லி, வேறு ஒருவர் மடியில் உட்கார வைத்துக் குத்தினோம். அதற்கும் சரி என்றேன். அவளுக்குச் சடங்கு வைத்தபோதுதான் அவளே, "என் மாமாதான் மாலை போடணும்" என்று பிடிவாதம் பிடித்து மாமன் கையால் மாலை வாங்கிக்கொண்டாள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பெரியம்மா சொன்னது அவளுக்கு இன்னும் தெரியாது.

கணவர் "நீ என்ன முடிவெடுத்தாலும் சரி" என்கிறார். நானும் போகாமல் இருந்துவிட்டால் ஊர் அதையும் பேசும். சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் அக்காவின் மனம் நோகும், அவர் மகள் கல்யாண நாள் அது. விட்டுவிட்டுப் போனால் தம்பி இன்னும் பத்தொன்பது வருஷம் கேட்பான். இப்படி ஒரு இடத்தில் நின்றவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


பதில்: மதுரை செவிலியர் (ஓய்வு)

தங்கச்சி, மகப்பேறு வார்டிலேயே என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. உங்கள் ஓரகத்தியின் பயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதல் விஷயம், தம்பி உங்கள் பிறந்த வீட்டுப் பிள்ளை. நீங்கள் சொந்தத்தில் கட்டிக்கொள்ளவில்லை என்றால் கல்யாணப் பெண்ணுக்கும் அவருக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது. "இந்தக் குடும்பத்துல" என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை அக்காவுக்கு நினைவூட்டினாலே பாதி பாரம் இறங்கும்.

அடுத்தது உங்கள் மகளைப் பற்றி அவர் சொன்னது. அது உங்கள் மனதில் முள்ளாகத் தைத்திருக்கும், எனக்குத் தெரியும். டவுன் சிண்ட்ரோம் உள்ள 100 பேரில் ஏறக்குறைய 95 பேருக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கும். முட்டையோ விந்தோ உருவாகும்போது பிரிய வேண்டியது பிரியாமல் போவதால் வருவது அது, பரம்பரையாக இறங்குவது இல்லை. இன்னும் 3, 4 பேருக்கு அந்தக் கூடுதல் 21 வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வகையில் மட்டும், அதிலும் சிலருக்குத்தான், அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்திருக்கும். தம்பிக்கு ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்து குரோமோசோம் பரிசோதனை செய்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும். சாதாரண வகை என்று வந்தால் அவரால் உங்கள் மகளுக்குக் கூடுதல் பயம் எதுவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டுவதற்காக இதைச் செய்யச் சொல்லவில்லை, உங்கள் நிம்மதிக்காக.

தாய்க்கு வயது ஏற ஏற வாய்ப்பு கூடும் என்பது உண்மை, 40 வயதில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு. ஆனால் இளம் வயதில்தான் அதிகம் பேர் பிள்ளை பெறுகிறார்கள், அதனால் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் இளம் தாய்மாருக்கே பிறக்கிறார்கள். கிரகணத்தில் வெளியே வந்தது, முன்ஜென்மப் பாவம் என்று பிரசவம் முடிந்த ஈரம் காய்வதற்குள் அந்தத் தாயிடம் சொல்கிற சொந்தக்காரர்களை எத்தனையோ பேரை வார்டை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறேன்.

நானும் ஒன்று செய்திருக்கிறேன், சொல்லிவிடுகிறேன். தம்பி பிறந்த காலத்துச் சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள், டவுன் சிண்ட்ரோம் என்பதற்குப் பதிலாக "மங்கோல்" என்று எழுதியிருக்கலாம். மங்கோலியா நாடு கேட்டுக்கொண்டதால் 1965இலேயே உலக சுகாதார நிறுவனம் கைவிட்ட சொல் அது. எங்கள் வார்டில் தொண்ணூறுகளிலும் நான் அதைக் கேஸ் சீட்டில் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற தாய் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்ன அர்த்தம் என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

தம்பிக்கு வருஷம் ஒரு முறை தைராய்டு பாருங்கள். இதயத்தை எக்கோ செய்து பார்த்ததுண்டா? இல்லை என்றால் அதையும் செய்துவிடுங்கள்.


பதில்: திருச்சி அப்பா

அக்கா, கேட்கவே வேண்டாம், கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கையில் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

என் மகனுக்குப் பதினொரு வயது, ஆட்டிசம். டவுன் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே வருவான். "இதையெல்லாம் வீட்டுலயே வச்சுக்கக் கூடாதா" என்று பின் சீட்டிலிருந்து ஒருவர் சொன்னார். "இதை" என்றார், "இவனை" என்றுகூட இல்லை. நான் எழுந்து சண்டைக்குப் போய்விட்டேன். கண்டக்டர்தான் வந்து, "சார், அந்தப் பையனுக்கும் துணைக்கு வர்றவருக்கும் டிக்கெட்டே கிடையாதுன்னு அரசாங்கம் சொல்லியிருக்கு. அவன் தினமும் வருவான். உங்களுக்கு வேணும்னா அடுத்த பஸ்ல வாங்க" என்றார். அந்த மனிதர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 92ஆம் பிரிவு இருக்கிறது. பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. நான் அதைப் போனில் சேமித்து வைத்திருக்கிறேன். ஆனால் கல்யாண வீட்டு அடுப்படியில் மெல்லிய குரலில் சொல்வதை எந்தப் பிரிவும் தொடாது, அது எனக்கும் தெரியும். அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலி கடல் பக்கம் போக 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்துவிட்டது, பிறகு சரி செய்தார்கள். சென்னை போயிருந்தபோது மகனோடு அங்கே நின்றேன். சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் அந்தப் பாதையின் கடைசி வரை போய்க் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுண்டல் விற்கிற பையன் அவரை இரண்டு நிமிஷம் உற்றுப் பார்த்தான். அப்புறம் "சார், சுண்டல்?" என்று கேட்டான், மற்ற எல்லோரிடமும் கேட்பது போல. பார்த்துப் பழகினால்தான் அந்த இரண்டு நிமிஷம் முடியும். வீட்டில் விட்டுவிட்டுப் போனால் பார்ப்பதே நடக்காதே.


பதில்: பெயர் வேண்டாம்

நான் உங்கள் ஓரகத்தியின் இடத்தில் இருந்தவள். என்னை யாரும் திட்ட வேண்டாம், உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மகள் கல்யாணத்துக்கு என் நாத்தனாரிடம் இதே வார்த்தையைச் சொன்னேன். அவர் மகனுக்குப் பெருமூளை வாதம், எச்சில் வடியும், திடீரென்று சத்தம் போடுவான். என் மனதில் அன்றைக்கு என்ன இருந்தது என்று கேட்டால், அந்தப் பையன்மேல் ஒரு வெறுப்பும் இல்லை. நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். சம்பந்தியம்மா எங்கள் வீட்டில் ஒவ்வொன்றையும் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். பாத்திரத்தின் கனத்தைக்கூடக் கையில் தூக்கிப் பார்த்தார். எதைச் சாக்காக வைத்து என்ன கேட்பாரோ என்ற நடுக்கத்தில் என் கண்ணுக்கு எல்லாமே குறையாகத் தெரிந்தது. எங்கள் வீட்டு வாசல் படி உடைந்திருந்ததையும் அதே வாரம்தான் பூசினேன்.

நாத்தனார் கல்யாணத்துக்கு வந்தார். தனியாக வந்தார். மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார். ஆறு வருஷம் ஆகிறது, என் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. சம்பந்தியம்மா என்ன செய்தார் தெரியுமா? வளைகாப்பு சமயத்தில், "உங்க நாத்தனார் பையனை ஏன் எங்களுக்குக் காட்டலை? எங்க பெரியப்பா மகனும் அப்படித்தான்" என்றார். எனக்குத் தலை சுற்றிவிட்டது.

அன்றைக்கு நாத்தனார் என்னிடம் வந்து, "அண்ணி, இந்த இடத்துல உட்கார வச்சுக்கிறேன், சத்தம் போட்டா இந்தக் கதவு வழியா வெளியே கூட்டிட்டுப் போயிருவேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சரி என்றிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் ஏன் அதைச் சொல்ல வேண்டும், நான்தானே யோசித்திருக்க வேண்டும் என்பீர்கள். நியாயம்தான். ஆனாலும் உங்கள் அக்காவிடம் நேரில் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னாலேயே பேசுங்கள்.


பதில்: சிறப்பாசிரியர், வட்டார வள மையம்

பேச்சு எப்படி முடிந்தாலும், தம்பியைத் தயார் செய்வது உங்கள் கையில் இருக்கிறது. மண்டபத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே கூட்டிப் போய்க் காட்டுங்கள், முடியாவிட்டால் படங்களைப் போனில் காட்டுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய சிக்கலே கெட்டிமேளம்தான். எதிர்பாராமல் அந்தச் சத்தம் வரும்போது காதைப் பொத்துவார்கள், சிலர் எழுந்து ஓடுவார்கள், அதைப் பார்த்துத்தான் சபை திரும்பும். நாதஸ்வரம் தவில் பதிவு ஒன்றை வீட்டில் சின்னச் சத்தத்தில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டிப் போட்டுக் காட்டுங்கள். எப்போது கெட்டிமேளம் வரும், அப்போது அவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். கையில் வேலை இருந்தால் பாதிப் பதற்றம் போய்விடும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பெற்றோர் இருவரும் இல்லை, தம்பிக்கு 18 வயது எப்போதோ தாண்டிவிட்டது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி சட்டபூர்வப் பாதுகாவலராக நீங்கள் விண்ணப்பிக்கலாம். கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழு அதைப் பார்த்து முடிவு செய்யும். பேங்க், சொத்து, ஆபரேஷன் கையெழுத்து என்று வரும்போது இல்லாமல் அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், பராமரிப்பு உதவித்தொகை வாங்கவில்லை என்றால் அதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.


கேட்டவர்: கோவில்பட்டி அக்கா

எல்லோருக்கும் நன்றி. பெயர் வேண்டாம் என்று எழுதிய அம்மாவுக்குத் தனியாக. நீங்கள் எழுதியதை நான்கு தடவை படித்தேன். சாப்பிடாமல் போன நாத்தனாராக நான் ஆகிவிடக் கூடாது என்று அப்போதுதான் தோன்றியது.

வியாழக்கிழமை விருதுநகருக்குப் போனேன். மகளையும் அழைத்துப் போனேன், வழியில் அவளிடம் சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள், ஒன்றும் பேசவில்லை. அக்கா வீட்டில் மாவு இடித்துக்கொண்டிருந்தார்கள், ஏகப்பட்ட ஆட்கள். மாடிக்குக் கூப்பிட்டுப் பேசினேன். தம்பி என் பிறந்த வீட்டு ரத்தம், உங்கள் பெண்ணுக்கு அதில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதைச் செவிலியர் அம்மா சொன்னபடியே சொன்னேன். எங்கே உட்கார வைப்பேன், எந்த வாசல் வழியாக வெளியே கூட்டிப்போவேன் என்பதையும் சொன்னேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதா. மாப்பிள்ளையோட அத்தைதான் ஒண்ணொண்ணையும் நோண்டுறாங்க" என்றார்.

அப்போது என் மகள் பேசினாள். "பெரியம்மா, அவர் எனக்குத் தாய்மாமன். நாளைக்கு என் கல்யாணத்துல மாலை எடுத்துக் கொடுக்கப்போறது அவர்தான். அதைப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்ற வீடு எனக்கும் வேண்டாம். எனக்காக நீங்க பயப்பட வேண்டாம்." பதினேழு வயதுப் பிள்ளை. 2006இல் எனக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு அந்த வார்த்தை வரவில்லை.

கல்யாணப் பெண்ணும் மருதாணிக் கையோடு மாடிக்கு வந்து, "மாமா பத்திரிகை வாங்கிட்டார்ல, சித்தி? வரட்டும்" என்றது.

கடைசியில் அக்கா சொன்னது, தம்பி வரட்டும், வாசல் பக்கம் தாம்பூலப் பை கொடுக்கிற மேஜையில் இருக்கட்டும் என்று. பைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கச் சொன்னால் அவன் அழகாகச் செய்வான், அவனுக்குப் பிடிக்கவும் செய்யும். ஆனால் அந்த மேஜையும் இன்னொரு சித்தி வீடாக ஆகிவிடுமோ என்று எனக்குள் ஒரு பயம் இருக்கிறது. அதனால் தாலி கட்டும் நேரத்தில் அவன் எங்களோடு முன்வரிசையில் உட்காருவான், அட்சதை போடுவான், குடும்பமாகப் படம் எடுக்கும்போது மேடையில் நிற்பான், அப்புறம் மேஜைக்குப் போவான் என்று சொல்லிவிட்டேன். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "தம்பிக்கு வேட்டி சட்டை எடுத்தாச்சா?" என்று கேட்டார். எடுத்துவிட்டேன். இடுப்பில் நிற்காது என்று ஒட்டுகிற பட்டை வைத்த வேட்டியாக வாங்கியிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். சிறப்பாசிரியர் சொன்னபடி ராத்திரி போனில் கெட்டிமேளம் போடுகிறோம். மகள் ஒரு கிண்ணத்தில் அரிசியில் மஞ்சள் பிசைந்து அவன் மடியில் வைக்கிறாள், மேளம் வேகமெடுக்கும்போது தூவ வேண்டும். முதல் இரண்டு நாள் கிண்ணத்தைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான். நேற்று ஒரு கையால் ஒரு காதை மட்டும் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் என் கணவர் தலையில் அரிசியைப் போட்டான்.